பள்ளி வாசலிலும் குடியிருப்புத் தெருவிலும் கார் ஓட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: புதிதாகக் கார் ஓட்டப் பழகியிருக்கிறேன். அலுவலகம் போகும் வழியில் இரண்டு பள்ளிகள், மற்றதெல்லாம் நெருக்கமான குடியிருப்புத் தெருக்கள். மெதுவாகப் போனால் பின்னாலிருந்து ஹார்ன் அடிக்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் எதையெல்லாம் கவனிப்பீர்கள்?

பதில்: முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். தாம்பரத்துக்குக் கிழக்கே, எங்கள் வீட்டிலிருந்து நான்காவது தெரு. சாயங்காலம் நாலேகால் இருக்கும். ஒரு பள்ளி வேன் இடது ஓரமாக நின்றுகொண்டிருந்தது. எதிரில் வண்டி எதுவும் இல்லை, இடமும் இருக்கிறது, சரி என்று வலது பக்கம் ஒதுங்கி அதைக் கடந்தேன். வேகம் முப்பதுக்குக் கீழேதான். வேனின் மூக்கைத் தாண்டும் நேரத்தில் அதன் முன்னாலிருந்து ஒரு பையன் முதுகில் பை குலுங்க ஓடி வந்தான். பிரேக்கில் ஏறி நின்றேன். பம்பருக்கும் அவனுக்கும் நடுவே ஒரு கை நீளம் இருந்தது. அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு வாசலில் நின்றிருந்த பாட்டியிடம் ஓடிவிட்டான். அந்தப் பாட்டி என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தபோதுதான் உறைத்தது. பையன் வேனுக்கு முன்னால் மறைந்திருந்தான், தெரியவில்லை, சரி. ஆனால் பாட்டி எனக்கு நன்றாகத் தெரிந்தார். கையை நீட்டி "வாடா, வாடா" என்று கூப்பிட்டதையும் பார்த்தேன். பார்த்தும், அது யாரைக் கூப்பிடுகிற கை என்று எனக்குத் தோன்றவில்லை. அதிலிருந்து பள்ளி விடும் நேரத்தில் என் கண் முதலில் தேடுவது பெரியவர்களைத்தான். ஓர் அம்மாவோ தாத்தாவோ ஓரமாக நின்று எதிர்ச்சாரியைப் பார்த்துக் கையசைத்தால், அந்தக் கைக்கும் எதிர்ச்சாரிக்கும் நடுவே ஒரு பிள்ளை ஓடப்போகிறது என்று எடுத்துக்கொள்வேன். பத்தில் எட்டுத் தடவை அப்படித்தான் ஆகிறது.

பிள்ளைகளை இறக்கிவிட நிற்கும் வேனை இப்போது கடப்பதே இல்லை. அமெரிக்காவில் மஞ்சள் பேருந்து சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றால், நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் பின்னால் வருகிற வண்டி, எதிரில் வருகிற வண்டி இரண்டுமே நின்றாக வேண்டும். நம் தெருக்களில் அந்தப் பழக்கம் வரவில்லை. நாமாக நின்றால் வேண்டாம் என்று சொல்லவும் யாரும் இல்லை. இரண்டு பிள்ளைகள் இறங்கி வேன் கிளம்ப எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

வேகத்தைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. 30 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 8 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஓடுகிறது. 50-ல் கிட்டத்தட்ட 14 மீட்டர். ஆபத்தைக் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பலருக்கு அதற்கு மேலும் ஆகும். காய்ந்த தார்ச் சாலையில், நல்ல டயரோடு, 30-ல் வந்த கார் மொத்தம் 14 மீட்டர் அளவில் நின்றுவிடும். 50-ல் வந்தவருடைய கால் அந்த இடத்தில்தான் பிரேக்கையே தொடுகிறது. அதாவது 14 மீட்டர் முன்னால் ஒரு குழந்தை குறுக்கே வந்தால், ஒருவர் முட்டாமல் நிற்கிறார், இன்னொருவர் வேகம் துளியும் குறையாமல் மோதுகிறார். சரி, 50-ல் போய் மிச்சம் பிடிப்பது எவ்வளவு? 600 மீட்டர் தெருவில் அரை நிமிடம்கூட இல்லை.

சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரில் வேக வரம்புகளை மாற்றியபோது, குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிக்கும் 30 கி.மீ. என்று வைத்தது. எங்கள் பகுதி சென்னைக் காவல்துறையின் கீழ் இல்லை, தாம்பரம் காவல் ஆணையரகத்தில் வருகிறது. இருந்தாலும் அந்த எண்ணை நான் பிடித்துக்கொண்டேன். பள்ளி வாசலில் அதுவும் அதிகம். அங்கே இரண்டாவது கியரில் 15, 20-க்கு மேல் போவதில்லை.

ஸ்பீடு பிரேக்கர் போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் அதன் பக்கத்தில் நின்று பார்க்கலாம். கார்க்காரர் ஏறி இறங்கியதும் விட்டதைப் பிடிப்பதுபோல் ஆக்ஸிலரேட்டரை அழுத்துவார். இருசக்கர வண்டிக்காரர், தண்ணீர் போவதற்காக ஓரத்தில் விட்ட இடைவெளியில் நுழைந்து போவார். பிள்ளைகள் நடந்து போவதும் அதே ஓரத்தில்தான்.

குடியிருப்புத் தெருவில் நிற்கிற கார்களுக்கு இடையில் இருக்கும் சந்துகள்தான் எனக்குப் பயம். தூரத்திலிருந்து வரும்போதே காரின் அடியில் கால்கள் தெரிகிறதா என்று ஒரு பார்வை விடுவேன். சிரிக்காதீர்கள், இரண்டு முறை செருப்புக் கால் தெரிந்து நிறுத்தியிருக்கிறேன். டியூஷன் விட்டதும் சைக்கிளில் மூன்று பேர் வரிசையாகப் பேசிக்கொண்டே வருவார்கள். நடுவில் இருப்பவன் எந்தப் பக்கம் சாய்வான் என்பது அவனுக்கே தெரியாது. தண்ணீர் லாரி நின்றால் குடத்தோடு எந்தப் பக்கத்திலிருந்தும் ஆள் வரும். மார்கழி வந்துவிட்டால் காலை ஐந்தரைக்கே தெருவின் பாதி அகலத்துக்குக் கோலம் நீளும். போடுகிறவர் குனிந்திருப்பார், முதுகு நம் பக்கம் இருக்கும், இருட்டு வேறு. ஹைபீம் போடாமல் ஊர்ந்து போவேன். கோலத்தின் மேல் ஏற்றாமல் ஒதுங்கிப் போவதையும் சேர்த்துச் சொல்கிறேன், அது விதியில் இல்லை.

ரிவர்ஸ் எடுப்பது தனிக் கதை. 2022 மார்ச்சில் சென்னை வளசரவாக்கத்தில் ஒரு பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி இரண்டாம் வகுப்புப் பையன் இறந்துபோனான். இறங்கிப் போனவன் திரும்பி வந்திருக்கிறான். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கு முன்னும் பின்னும் கேமராவும் எச்சரிக்கை சென்சாரும் கட்டாயமானது. நம் வீட்டுக் காரில் கேமரா இருந்தாலும், வாசலில் எடுக்கும் முன் ஒரு சுற்று சுற்றி வந்துவிடுங்கள். டயருக்குப் பின்னால் உட்கார்ந்து எறும்பைப் பார்த்துக்கொண்டிருக்கிற மூன்று வயசுக் குழந்தை எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. எங்கள் வீட்டில், குழந்தை யார் கையில் இருக்கிறது என்று குரல் கேட்டால்தான் கார் நகரும். என் மனைவி போட்ட சட்டம்.

இனி கோபமாக ஒன்று. காலை எட்டரைக்குப் பள்ளி வாசலில் நின்று பார்த்தால், ஆபத்தாக ஓட்டுகிறவர்கள் லாரிக்காரர்கள் இல்லை, நம்மைப் போன்ற பெற்றோர்தான். மணி அடித்துவிடும் என்று எதிர்த்திசையில் வருவது, கேட்டுக்கு நேரே இரட்டை வரிசையில் நிறுத்துவது, சாலைப் பக்கக் கதவைத் திறந்து பிள்ளையை இறக்குவது. ஹெல்மெட் அப்பா தலையில் இருக்கும், முன்னால் நிற்கிற பிள்ளை தலையில் இருக்காது. நான்கு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையை இருசக்கர வண்டியில் ஏற்றினால் ஹெல்மெட், உடலோடு சேர்த்துக் கட்டும் பட்டை, 40-க்கு மேல் போகாத வேகம் என்று மத்திய அரசின் விதியே இருக்கிறது. வாசலுக்கு 100 மீட்டர் தள்ளி நிறுத்தி, கையைப் பிடித்து நடந்து போகலாம். இரண்டு வருடமாக நான் அப்படித்தான் செய்கிறேன். என் மகளுக்கும் அந்த நடைதான் பிடித்திருக்கிறது, வழியில் ஒரு நாய்க்குட்டி இருக்கிறது.

ஹார்ன். பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம், அடிக்கவே கூடாது. சட்டம் கிடக்கட்டும், அடித்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். இரண்டு பிள்ளைகள் கைகோத்துச் சாலையைக் கடக்கும்போது ஹார்ன் கேட்டால் ஒருத்தி முன்னால் இழுப்பாள், இன்னொருத்தி பின்னால் இழுப்பாள். இரண்டு பேரும் நடுச்சாலையில் நிற்பார்கள். ஹார்னுக்குப் பதில் பிரேக்கைத் தொடுங்கள்.

பின்னால் இருந்து ஹார்ன் அடிப்பவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தெருவில் இடம் இருந்தால் ஓரம் கட்டி அவரைப் போகவிட்டுவிடுவேன், எனக்கு எந்த மானப் பிரச்சினையும் இல்லை. பள்ளி வாசலில் மட்டும் வழிவிடுவதில்லை, ஏனென்றால் என்னைத் தாண்டி அவர் போகிற இடத்தில்தான் பிள்ளைகள் கடக்கிறார்கள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி மேலும் கீழும் அசைப்பேன், மெதுவாக என்று. அப்படியும் அடித்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதே இரண்டாவது கியரில் போவேன். ஒருவர் ஒரு முறை சிக்னலில் பக்கத்தில் வந்து நின்று, "லைசென்ஸ் இருக்கா சார்?" என்று கேட்டார். இருக்கிறது என்று சொன்னேன்.