வரைபடத்தில் விரலை வைத்துப் பேசுங்கள்

கேள்வி: எங்கள் ஊரில் நடைபாதை, சைக்கிள் பாதைத் திட்டத்துக்காகக் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்திருக்கிறார்கள். வரைபடத்தை முடித்துவிட்டுத்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள் என்று தோன்றுகிறது. போய் என்ன பிரயோஜனம்? போனால் என்ன பேசுவது? (ஒரு வாசகி)

பதில்: கட்டாயம் போங்கள், அம்மா. உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். அமெரிக்காவின் கொள்கை ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-ல் மக்கள் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஏணியாக வகுத்தார். அதில் கருத்துக் கேட்பது கீழிருந்து 4-வது படிதான். கேட்டுவிட்டார்கள் என்பதற்காகச் செய்துவிடுவார்கள் என்று ஆகாது. அதனால் போனதும், “இந்த வரைபடத்தில் இன்னும் எதையெல்லாம் மாற்ற முடியும்?” என்று கேளுங்கள். தடமா, அகலமா, சிக்னல் நேரமா? எது திறந்திருக்கிறதோ அங்கே அழுத்துங்கள்.

“நல்ல சைக்கிள் பாதை வேண்டும்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். யாரும் மறுக்கமாட்டார்கள், எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். சாலைத் திட்டமிடலில் இருந்த காலமெல்லாம் நான் பார்த்தது இதுதான்: பொதுக்கருத்து ஃபைலில் தூங்கும், இடத்தைச் சுட்டிச் சொன்ன பேச்சு வரைபடத்தில் ஏறும்.

ஓர் உதாரணம். நடந்து கடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று வைத்துச் சிக்னல் நேரத்தைக் கணக்கிடுவது நெடுநாள் வழக்கம். 12 மீட்டர் சாலைக்கு 10 நொடி. கைத்தடி ஊன்றி வரும் பெரியவர் நொடிக்கு 0.8 மீட்டர் நடந்தால் அவருக்கு 15 நொடி வேண்டும். மிச்சமுள்ள 5 நொடியும் அவர் புறப்படத் துடிக்கும் வண்டிகளுக்கு முன்னால் சாலையில் இருப்பார். இதைக் கண்டுபிடிக்கப் பொறியியல் படிக்க வேண்டாம். அந்தச் சந்திப்பில் கொஞ்ச நேரம் வாட்சோடு நின்று, பார்த்ததைக் குறித்துக்கொண்டு போங்கள்.

அப்புறம் ஒரு டேப் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே விலகிப் போகக் கிட்டத்தட்ட 1.8 மீட்டர் வேண்டும். காகிதத்தில் அந்த அகலம் இருக்கும். நடுவில் மின்கம்பம் நின்றால் என்ன மிஞ்சுகிறது என்று அளந்து சொல்லுங்கள். புல்லை மிதித்து மிதித்து உண்டான ஒற்றையடிப் பாதை இருந்தால் அதையும் காட்டுங்கள். மக்கள் காலாலேயே போட்ட ஓட்டு அது. அதை வேலி போட்டு மறிப்பதைவிட, அதன் மேலேயே பாதை போடுவதுதான் புத்திசாலித்தனம்.

எனக்கு எப்போதும் பெரிய கவலை, கூட்டத்துக்கு வராதவர்களைப் பற்றியது. சைக்கிள் ஓட்டும் ஆர்வலர்கள் வருவார்கள், காரை நிறுத்த இடம் போய்விடும் என்று பயப்படுபவர்கள் வருவார்கள். ஓட்ட ஆசையிருந்தும் போக்குவரத்தைப் பார்த்துப் பயப்படுபவர்கள் வரமாட்டார்கள், பாதை முக்கியமாக அவர்களுக்குத்தான். குழந்தைகளும் இரவு வேலைக்குப் போகிறவர்களும்கூட வருவதில்லை. பள்ளி வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும் வரைபடத்தை விரித்து வைத்து, பயமாக இருக்கும் இடத்தில் அவர்களைச் சிவப்புப் பொட்டு ஒட்டச் சொல்லும்படி அதிகாரிகளிடம் கேளுங்கள்.

மக்கள் பேச்சு எடுபடுமா என்றால், நெதர்லாந்தைப் பாருங்கள். 1971-ல் மட்டும் அங்கே சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் 400-க்கும் அதிகமானவர்கள் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். இன்று உலகமே போய்ப் பார்க்கும் அந்த நாட்டுச் சைக்கிள் பாதைகளுக்குப் பின்னால் அந்தப் போராட்டமும் இருக்கிறது.

கூட்டம் முடிவதற்குள் ஒன்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள்: வந்த யோசனைகளில் எதை ஏற்றார்கள், எதை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று எழுத்தில், தேதி போட்ட பதில்.

கேள்வி: எங்கள் தெருக் கடைக்காரர்கள் வியாபாரம் படுத்துவிடும் என்று சைக்கிள் பாதையை எதிர்க்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது? (ஒரு வாசகர்)

பதில்: வாதம் செய்யாதீர்கள் ஐயா, சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1974-ல் சில சாலைகளைச் சில மணி நேரம் வண்டிகளுக்கு மூடி, நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் விட்டார்கள். பிடித்துப்போய், இன்று ஞாயிறுதோறும் 100 கிலோமீட்டருக்கும் மேல் அப்படித் திறக்கிறார்கள். உங்கள் தெருவிலும் பெயிண்டும் பிளாஸ்டிக் கூம்பும் வைத்து ஒரு மாதம் தற்காலிகப் பாதை போடலாம். எத்தனை பேர் எதில் வந்து வாங்குகிறார்கள் என்று அதற்கு முன்னும் பின்னும் எண்ணட்டும். அந்தக் கணக்கைக் கடைக்காரர்களே எடுக்கட்டும், அப்போதுதான் நம்புவார்கள். சரக்கு இறக்க எந்த நேரம் வேண்டும் என்பதையும் அவர்களிடமே கேட்டுத் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். எதிர்ப்பில் பாதி அதைப் பற்றித்தான் இருக்கும்.