ஃபோர்டு கியர்பாக்ஸும் புரோக்கரின் விலைக் குறைப்பும்

கேள்வி: கோவில்பட்டியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். 2016-ஆம் ஆண்டு ஃபோர்டு ஈகோஸ்போர்ட் டீசல், மேனுவல் கியர் வண்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 78,000 கிலோமீட்டர்தான் ஓடியது, ஒரே கை வண்டி என்று புரோக்கர் சொல்கிறார். இதே வருடத்து மற்ற வண்டிகளைவிட விலையும் குறைவு. ஆனால் அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, அங்கே ஃபோர்டு கியர்பாக்ஸ் மீது ஏராளமானோர் வழக்குப் போட்டார்கள், அதன் பக்கமே போகாதே என்கிறான். கம்பெனியும் இந்தியாவைவிட்டுப் போய்விட்டது. வாங்கலாமா? நாளைக்குள் 10,000 ரூபாய் டோக்கன் கேட்கிறார்கள். ஆர்.சி. நகலை இணைத்துள்ளேன்.

பதில்: உங்கள் தம்பி சொல்வது உண்மைதான் என்றாலும் அது வேறொரு வண்டியைப் பற்றிய உண்மை. அமெரிக்காவில் வழக்குக்குள்ளானது பவர்ஷிஃப்ட் என்ற பெயரில் ஃபோர்டு விற்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். மேனுவல் வண்டியில் ஓட்டுநரின் இடது கால் செய்கிற வேலையை அதில் இரண்டு கிளட்ச் தட்டுகளும் ஒரு கணினியும் செய்தன. அந்தத் தட்டுகள் எண்ணெயில் நனையாமல் உலர்ந்தே வேலை செய்யும் அமைப்பு என்பதால், நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது வண்டி உதறியது. சிலருக்கு வேகமெடுக்க வேண்டிய இடத்தில் தயங்கி நின்றது. அங்கே 2011 மாடல் முதல் ஃபியஸ்டா காரிலும் 2012 மாடல் முதல் ஃபோகஸ் காரிலும் இது வந்தது. உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஆஸ்திரேலியாவில் 2018-இல் நீதிமன்றம் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தபோது, அதற்குக் காரணமாக இருந்தது கியர்பாக்ஸின் பழுதன்று. புகார் சொல்லி வந்தவர்களிடம் ‘நீங்கள் ஓட்டுகிற விதம் அப்படி’ என்று சொல்லி அனுப்பியதுதான். பழுதைவிட அந்தப் பதில்தான் பலருக்கு ஆறாத கோபத்தைத் தந்தது என்பதை எந்தப் பட்டறைக்காரரும் ஒப்புக்கொள்வார்.

இந்தியாவில் அந்த கியர்பாக்ஸ் ஈகோஸ்போர்டின் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் தொடக்க ஆண்டுகளில் இருந்தது. 2017 இறுதியில் வந்த புதுப்பித்த மாடலில் அதை நீக்கிவிட்டு வழக்கமான ஆட்டோமேட்டிக்கைப் பொருத்தினார்கள். டீசல் ஈகோஸ்போர்டில் அது எக்காலத்திலும் இருந்ததில்லை. எனவே அந்தக் கவலையை நீங்கள் இன்றே விட்டுவிடலாம்.

தம்பி அடுத்ததாக ஒரு செய்தியை அனுப்பக்கூடும் என்பதால் அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 2018 முதல் 2022 வரை விற்ற ஈகோஸ்போர்ட்கள் நம் மறைமலை நகரில் செய்து கப்பலேற்றியவை. அவற்றின் சேசிஸ் எண் எம்ஏஜே என்ற எழுத்துகளில் தொடங்குவதைப் பார்த்தே இந்தியத் தயாரிப்பு என்று சொல்லிவிடலாம். அவற்றில் ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின் உள்ளவற்றை 2023 டிசம்பரில் ஃபோர்டு பழுது பார்க்கத் திரும்ப அழைத்தது. அந்த என்ஜினில் ஆயில் பம்பைச் சுழற்றும் பெல்ட் எண்ணெய்க்குள்ளேயே மூழ்கி ஓடுகிறது. அதன் இழுவை அமைப்பு பழுதானால் எண்ணெய் அழுத்தம் விழுந்து என்ஜின் கெட்டுவிடும், பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசையும் குறைந்துவிடும். அது பெட்ரோல் என்ஜின், நீங்கள் பார்க்கும் வண்டியில் இருப்பதோ ஒன்றரை லிட்டர் டீசல் என்ஜின். இரண்டுக்கும் பெயரளவில்தான் உறவு.

அந்த டீசல் என்ஜின் பொதுவாக நல்ல என்ஜின். நன்றாகப் பராமரித்தவர்கள் இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டி ஓட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதில் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் டைமிங் பெல்ட் இருக்கிறது. சங்கிலி என்றால் அது பாட்டுக்கு ஓடும். பெல்ட் ரப்பர் ஆகையால் வண்டி ஷெட்டிலேயே நின்றாலும் அதற்கு வயதாகும். கையேட்டில் கிலோமீட்டர் ஒன்றும் ஆண்டு ஒன்றும் கொடுத்திருப்பார்கள், எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. 78,000-தானே ஓடியது என்று புரோக்கர் சொல்வது கிலோமீட்டர் கணக்கை மட்டும். பெல்ட் ஓடும்போது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி, என்ஜின் தலைப்பகுதியையே பிரிக்க வேண்டிய செலவு வரும். மாற்றியதற்கான பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். மற்றபடி முன்சக்கர சஸ்பென்ஷனில் புஷ், லிங்க் ராட் ஆகியவை வேகத்தடைகளில் ‘டக் டக்’ என்று சத்தம் போடும். அது பயப்படவேண்டிய சத்தமன்று, பேரம் பேசுவதற்கான சத்தம்.

கம்பெனி போய்விட்டதே என்ற கவலையில் பாதிக்குமேல் நியாயமில்லை. ஃபோர்டு இந்தியாவைவிட்டுப் போவது இது முதல்முறையும் அன்று. 1926-இல் வந்து, இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகிய 1950-களில் கடையைக் கட்டியவர்கள், 1995-இல் மஹிந்திராவோடு கைகோத்துத் திரும்பி வந்தார்கள். மறைமலை நகர் ஆலையிலிருந்து 1999-இல் ஐகான் வந்தபோது வண்டியைப் புகழாதவர் இல்லை, உதிரிபாக விலையைத் திட்டாதவரும் இல்லை. அந்தக் கெட்ட பெயரை மாற்றத்தான் 2010-இல் ஃபிகோ வந்தபோது, ஒரு சிறு உறுப்பு கெட்டால் முழுத் தொகுதியையும் வாங்கவேண்டிய நிலையை மாற்றி, உள்ளிருக்கும் சிறு பாகங்களைத் தனித்தனியாக விற்கத் தொடங்கினார்கள். 2013-இல் ஈகோஸ்போர்ட் வந்ததும் முன்பதிவு செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. அப்படியிருந்தும் பத்தாண்டில் 200 கோடி டாலருக்குமேல் நஷ்டம் என்று கணக்குக் காட்டி, 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தார்கள். குஜராத்தின் சானந்த் ஆலையை டாடா வாங்கிக்கொண்டது. மறைமலை நகரில் 2022-இல் கடைசி ஈகோஸ்போர்ட் வெளியே வந்தது. அந்த ஆலையை ஏற்றுமதிக்காக மீண்டும் பயன்படுத்தப் போவதாக 2024 செப்டம்பரில் தமிழக அரசுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றாலும், அதனால் உங்கள் வண்டிக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

உங்களுக்கு வேண்டியது சர்வீஸ். அது தொடரும் என்று கம்பெனி போகும்போதே அறிவித்தது. ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச், பெல்ட் போன்ற தேய்மானப் பொருள்களுக்கு இன்று பெரிய தட்டுப்பாடு இல்லை. விபத்தில் அடிபட்டால் மாற்றவேண்டிய முகப்பு விளக்கு, பம்பர், கதவு போன்றவற்றுக்குத்தான் காத்திருக்க நேரும். அந்தக் காத்திருப்பைப் பயன்படுத்தி, அசல் பெட்டியில் போலிப் பாகத்தை வைத்து விற்கும் கூட்டம் ஒன்றும் கிளம்பியிருக்கிறது. பாக எண் அச்சிட்ட பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள்.

இனி உண்மையான ஆபத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய ஆர்.சி. நகலை இரண்டுமுறை பார்த்தேன். தயாரிப்பு ஆண்டு 2016. ஆனால் பதிவெண்ணில் இருக்கும் ஆங்கில வரிசை எழுத்துகள் அந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அண்மையில்தான் ஓடியவை. உங்கள் ஊரில் 2016-இல் வாங்கிய வேறு வண்டிகளின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள், உங்களுக்கே விளங்கும். பழைய வண்டிக்குப் புதிய வரிசை எண் வந்திருந்தால், பெரும்பாலும் அது வெளிமாநிலத்தில் ஓடிவிட்டு இங்கே வந்து மறுபதிவு பெற்றது என்றுதான் பொருள். ஆர்.சி.யில் உரிமையாளர் வரிசை எண் என்ற இடம் உங்கள் நகலில் மடிப்பில் மறைந்திருக்கிறது. மடிப்பு தற்செயலாகக்கூட இருக்கலாம்.

வெளிமாநில வண்டி என்பதாலேயே குற்றமில்லை. பெங்களூரிலோ திருவனந்தபுரத்திலோ வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர் தம் வண்டியையும் கொண்டுவருவார். ஒரு வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்குமேல் இருந்தால் அங்கே புதிய எண் வாங்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. டெல்லி வண்டியின் கதை வேறு. தலைநகர் வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டி ஓடக்கூடாது என்ற தடையைப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் விதித்தது, உச்ச நீதிமன்றம் 2018-இல் அதை உறுதிசெய்தது, 2025-இல் தளர்த்தியது. அந்தத் தடையால் பத்து வயதை நெருங்கும் டீசல் வண்டிகளை அங்கே மலிவாக அள்ளி, லாரியில் ஏற்றித் தெற்கே கொண்டுவந்து விற்பது ஒரு தனி வியாபாரமாகிவிட்டது. அதுவும் சட்டவிரோதமன்று, படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, எண் மாற்றினால் வண்டி ஒழுங்கான வண்டிதான். விலை குறைவாக இருப்பதன் காரணத்தை மறைத்து, ‘ஒரே கை, உள்ளூர் வண்டி’ என்று விற்பதுதான் மோசடி. மறுபதிவுக்குமுன் இருந்த பழைய எண் என்ன என்று புரோக்கரிடம் கேளுங்கள். உடனே சொன்னால் மேற்கொண்டு பேசலாம். ‘அதெல்லாம் எதுக்கு மேடம், பேப்பர் பக்காவா இருக்கு’ என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். பழைய எண் கிடைத்தால், நிலுவை அபராதம், அடைபடாத வங்கிக் கடன் ஆகியவற்றை அந்த எண்ணிலும் பரிவாகன் தளத்தில் பார்க்க வேண்டும். புதிய எண்ணில் மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியடைவது, நோட்டின் கடைசிப் பக்கத்தை மட்டும் திருத்தி மதிப்பெண் போடுவது போன்றது.

ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரை நான் நம்புவதில்லை; அதைத் திருப்ப ஒரு மடிக்கணினியும் அரைமணி நேரமும் போதும். கிளட்ச் பெடல் ரப்பரின் வரிகள் தேய்ந்து வழவழப்பாகி, ஸ்டியரிங்கின் மேல்விளிம்பு பளபளத்து, ஓட்டுநர் இருக்கையின் வலதுபக்க விளிம்பு அமுங்கியிருந்தால் 78,000 என்பது கதை. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்பதையும் பாருங்கள். சென்னையில் 2023 டிசம்பரில் மூழ்கிய வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. மற்ற கார்களில் ஸ்டெப்னி குழியில் சேறு தங்கியிருக்கிறதா என்று பார்ப்போம். இதில் ஸ்டெப்னி பின்கதவில் தொங்குவதால் அந்தச் சோதனைக்கு இடமில்லை. அதற்குப் பதிலாக முன் இருக்கை பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். பாலீஷ் போடுகிறவன் கை அதன் கடைசி ஒரு அடிவரை போவதில்லை. அண்மையில் நான் பார்த்த ஒரு வண்டியில் மேலெல்லாம் ஷோரூம் போல மின்னியது. பெல்ட்டின் கடைசிச் சாணில் மட்டும் காய்ந்த வண்டல் கோடு ஒன்று பழுப்பாக நின்றது. விற்க வந்தவர் அதைக் காபிக் கறை என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அமெரிக்காவில் உங்கள் தம்பி ஒரு வண்டியின் சேசிஸ் எண்ணை அரசுத் தளத்தில் அடித்தால், அதற்கு நிலுவையில் ஏதேனும் திரும்ப அழைப்பு உண்டா என்று நொடியில் தெரிந்துவிடும். இங்கே கட்டாயத் திரும்ப அழைப்பு விதி வந்ததே 2021 ஏப்ரலில்தான், அதுவும் ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டும். பழைய வண்டி வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் எந்த வயது வண்டியை வாங்குகிறார்களோ அந்த வயதோடு விதி விலகிக்கொள்கிறது. எனவே நீங்களாகத்தான் ஃபோர்டு சர்வீஸ் மையத்துக்குச் சேசிஸ் எண்ணைக் கொண்டுபோய், திரும்ப அழைப்பு ஏதும் நிலுவையில் உள்ளதா, முன்பு எந்த ஊரில் எத்தனை கிலோமீட்டரில் சர்வீஸ் ஆனது என்று கேட்க வேண்டும். தற்போதைய உரிமையாளரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் கேட்டால் மறுப்பது கடினம். டெல்லிக் கதை உண்மையா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

பணம் கொடுக்கும் முறையில் கண்டிப்பாக இருங்கள். பழைய உரிமையாளரிடம் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கி, வாங்குகிறவர் பெயரை வெறுமையாக விட்டுக் கைமாற்றிக்கொண்டே போவது புரோக்கர்களின் பழைய வழக்கம். அப்படி நீங்கள் வாங்கினால், முழுப் பணம் கொடுத்தும் வண்டி உங்களுடையதாகாது. விபத்து நேர்ந்தால் பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருப்பதால், விற்றவரும் நிம்மதியாகத் தூங்க முடியாது. பழைய வண்டி வியாபாரிகள் அரசிடம் அங்கீகாரம் பெறவேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் புரோக்கரிடம் அந்தச் சான்றைக் கேளுங்கள். அவர் முகம் போகிற போக்கே பதில் சொல்லிவிடும். ஆர்.சி.யில் பெயருள்ளவரை நேரில் பார்க்காமல், அவர் கணக்குக்கே பணம் போகாமல், ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். காப்பீட்டையும் 14 நாள்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பலர் ஆர்.சி.யை மாற்றிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே நாளை டோக்கன் கொடுக்க வேண்டாம். பழைய எண், பெல்ட் மாற்றிய பில், உரிமையாளரின் நேரடிச் சந்திப்பு ஆகிய மூன்றையும் கேட்டு இரண்டு நாள் அவகாசம் சொல்லுங்கள். வேறொருவர் வாங்க வரிசையில் நிற்கிறார் என்பார்கள், நிற்கட்டும். மூன்றும் கிடைத்து, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியைப் பார்த்து ஒப்புக்கொண்டால், பெல்ட் செலவைக் கழித்துவிட்டு வாங்குங்கள். டெல்லி வண்டி என்று தெரிந்தாலும், அடிப்பகுதி துருப்பிடிக்காமலும் காகிதங்கள் சரியாகவும் இருந்தால் மேலும் குறைத்துக் கேட்டு வாங்கலாம். ஆனால் ‘ஒரே கை’ என்று சொன்ன அந்தப் புரோக்கர் மூலம் மட்டும் வாங்காமல், உரிமையாளரிடமே நேரடியாகப் பேசி வாங்குங்கள்.