காற்றை முழுசாகப் பிழிய முடியுமா?

கேள்வி: எவ்வளவு நல்ல காற்றாலையாக இருந்தாலும் காற்றின் ஆற்றலில் 59 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாதாமே? அணைக்கட்டு டர்பைன் மட்டும் 90 சதவீதத்தைத் தாண்டுவது எப்படி?

பதில்: இறக்கையின் தரத்துக்கும் இந்த எல்லைக்கும் சம்பந்தமே இல்லை. உராய்வே இல்லாத இறக்கை கிடைத்தாலும் இதே கதைதான். காற்றிடமிருந்து ஆற்றலை எடுத்தால் அதன் வேகம் குறையும், முழுவதையும் எடுத்துவிட்டால் அது இறக்கைக்குப் பின்னால் அப்படியே நின்றுவிடும், பின்னால் வருகிற காற்றுக்கு வழி இருக்காது, அது சுழலியைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அதனால் கொஞ்சம் வேகத்தோடு போக விட்டே ஆக வேண்டும். எவ்வளவு விடுவது? மூன்றில் ஒரு பங்கு. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வெளியேறும் காற்றில் 1/9 ஆற்றல்தான் மிஞ்சும், 8/9 நம் கைக்கு வந்துவிடும். ஆனால் சுழலியின் பரப்புக்கு நேராக வந்திருக்க வேண்டிய காற்றில் 2/3 பங்குதான் அதன் வழியாகப் போகும், மீதி விலகிவிடும். இரண்டையும் பெருக்குங்கள்: 16/27, அதாவது 59.3 சதவீதம். வேகத்தைப் பாதியாக மட்டும் குறைத்தால் 56 சதவீதம்தான் வருகிறது. ஜெர்மானியர் ஆல்பர்ட் பெட்ஸ் 1920-ல் வெளியிட்ட கணக்கு இது, எனக்கு இன்றைக்கும் அலுக்காத கணக்கு.

அணை விஷயத்துக்கு வருவோம். அங்கே தண்ணீர் குழாய்க்குள் அடைபட்டு வருகிறது, விலகிப் போக இடமே இல்லை, அழுத்தத்தோடு டர்பைனுக்குள் போய்த்தான் தீர வேண்டும். அதனால் பெட்ஸ் எல்லை அதைக் கட்டுப்படுத்தாது. திறந்த ஆற்றின் ஓட்டத்தில் சுழலியை இறக்கினால் அந்த எல்லை திரும்ப வந்துவிடும்.

கேள்வி: அப்படியானால் ஓடும் காரின் கூரையில் சின்னக் காற்றாலை வைத்து பேட்டரியை சார்ஜ் செய்யலாமா?

பதில்: சார்ஜ் ஏறும், ஆனால் நஷ்டம். காற்று அசையாமல் நிற்கும்போது எதிர்க்காற்றை உண்டாக்குவதே உங்கள் மோட்டார்தான், சுழலி சுற்றச் சுற்ற வண்டியைப் பின்னால் இழுக்கும். பெட்ஸ் எல்லையையே தொடும் அருமையான சுழலி என்று வைத்துக்கொண்டாலும் மோட்டார் கூடுதலாக 3 பங்கு செலவழித்தால் திரும்பக் கிடைப்பது 2 பங்கு. வண்டியை நிறுத்தி வைத்திருக்கும்போது தானாக அடிக்கிற காற்றில் சுற்றவிட்டால் சரி, அது லாபம்தான்.