குடியுரிமை கேள்வி பதில்: மாதத்தில் பாதி நாள் விமானத்தில்

கேள்வி: மேடம், எனக்கு கிரீன் கார்டு வந்து ஐந்து வருடம் முடியப் போகிறது. மனைவி, மகளுடன் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறேன். மருந்து பேக்கிங் மெஷின் விற்கும் அமெரிக்க கம்பெனியில் வேலை. மாதத்தில் பாதி நாள் ஃபிராங்க்ஃபர்ட், சிங்கப்பூர், சென்னை என்று ஓட்டம்தான். மூன்று வருடத்துக்கு முன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பிளான்ட் வேலைக்காக ஏழு மாதம் தொடர்ந்து தங்கும்படி ஆனது. ‘ஆறு மாசம் தாண்டிட்டியா, அவ்வளவுதான், மறுபடி முதல்ல இருந்து எண்ணணும்’ என்கிறார் நண்பர். பழைய பயணத் தேதிகளும் சரியாக நினைவில்லை. சிட்டிசன்ஷிப்புக்கு இப்போதே விண்ணப்பிக்கலாமா?
(பெயர் வேண்டாம், எடிசன்)

பதில்: நண்பர் சொன்னதில் பாதிதான் சரி. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அந்த ஏழு மாதம்கூட இல்லை. ‘மாதத்தில் பாதி நாள்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

சட்டம் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்கிறது. ஐந்து வருடமும் நீங்கள் அமெரிக்காவில்தான் குடியிருந்தீர்களா, நடுவில் அது அறுந்ததா என்பது ஒன்று. இன்னொன்று வெறும் நாள் கணக்கு. விண்ணப்பம் போடும் தேதியிலிருந்து பின்னோக்கி ஐந்து வருடத்தில் குறைந்தது 30 மாதம், அதாவது 913 நாள், நீங்கள் நேரில் இங்கே இருந்திருக்க வேண்டும். முதலாவதில் அதிகாரியிடம் விளக்கம் சொல்ல இடமுண்டு. இரண்டாவதில் ஒரு நாள் குறைந்தாலும் பேச்சுக்கே இடமில்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 60 மாதத்தில் ஸ்ரீபெரும்புதூரின் 7 மாதம் போனால் 53. அதில் பாதி என்றால் இருபத்தாறரை மாதம்தான். 30 வரவில்லை.

உடனே மனம் தளர வேண்டாம். கிளம்பும் நாளும் திரும்பும் நாளும் இங்கே இருந்த நாள்களாகவே எண்ணப்படும். திங்கள் இரவு நியூவார்க்கில் விமானம் ஏறி வெள்ளி மாலை இறங்கினால், செவ்வாய், புதன், வியாழன் மூன்றுதான் கழியும். நீங்களோ ஐந்து நாள் என்று மனதில் வைத்திருப்பீர்கள். அடிக்கடி குறுகிய பயணம் போகிறவர்களுக்கு இதிலேயே கணிசமான நாள்கள் திரும்பக் கிடைத்துவிடும். அதனால் உத்தேசக் கணக்கு உதவாது, ஒவ்வொரு பயணமாக எழுதித்தான் ஆக வேண்டும்.

சிட்டிசன்ஷிப்புக்கான விண்ணப்பமான என்-400 படிவமும் அதையேதான் கேட்கிறது: ஐந்து வருடத்தில் போன எல்லா வெளிநாட்டுப் பயணங்களும், போன தேதி, வந்த தேதி, நாடு. 24 மணி நேரத்துக்குள் போய்வந்தது மட்டும் வேண்டாம். காலையில் டொராண்டோ போய் இரவு திரும்பியதெல்லாம் அதில் வராது. தேதிகளுக்கு பாஸ்போர்ட்டை மட்டும் நம்ப முடியாது, ஏனென்றால் இந்த நாட்டை விட்டுக் கிளம்பும்போது யாரும் முத்திரை குத்துவதில்லை. இந்தியப் பயணங்களுக்கு சென்னை இமிகிரேஷன் முத்திரை இருக்கும். கேன்சல் ஆன பழைய பாஸ்போர்ட்டையும் தேடி எடுங்கள். மற்றவற்றுக்கு ஏர்லைன்ஸ் மைலேஜ் கணக்கு, கம்பெனிக்குக் கொடுத்த செலவுக் கணக்கு, டிக்கெட் வந்த ஈமெயில் எல்லாம் கை கொடுக்கும். உங்களைப் பற்றிய போக்குவரத்துப் பதிவைத் தரும்படி சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறைக்குத் தகவல் உரிமை மனுவும் போடலாம். அதே பதிவைப் பார்க்கும் வசதி இன்டர்வியூ அதிகாரிக்கும் உண்டு. சத்தியம் செய்துவிட்டு அவர்முன் சொல்லப்போகும் தேதிகள் இவை. குத்துமதிப்பாக நிரப்பாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது ஏழு மாதத்துக்கு வருவோம். ஆறு மாதத்தைத் தாண்டி ஒரு வருடத்துக்குள் திரும்பினால், குடியிருப்பு அறுந்தது என்று சட்டம் ஊகிக்கும், அவ்வளவுதான். அந்த ஊகத்தை ஆதாரம் காட்டி நீங்கள் உடைக்கலாம். அமெரிக்க வேலையை விடவில்லை, அங்கே வேறு வேலையில் சேரவில்லை, மனைவியும் மகளும் இங்கேயே இருந்தார்கள், வீடு உங்கள் வசமே இருந்தது என்று காட்ட வேண்டும். அந்த மாதங்களின் சம்பளச் சீட்டு, மகளின் பள்ளிக் கடிதம், வீட்டுக் கடன் அல்லது வாடகைக் கணக்கு, ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வருமான வரித் துறை) தரும் வரிப் பதிவு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். வரியை இங்கே வசிப்பவராகவே கட்டியிருக்க வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவர் என்று ஒரு வருடம் தாக்கல் செய்திருந்தாலும் அது உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

ஐந்து வருடம் முடிய 90 நாள் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம் என்று ஒரு சலுகை உண்டு. உங்களுக்கு அது வேண்டாம். 913 நாளுக்கு அந்தச் சலுகை கிடையாது, விண்ணப்பிக்கும் அன்றே அது முழுதாக இருக்க வேண்டும். பயணத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டுச் சில மாதம் பொறுத்தால், பயணம் அதிகமாக இருந்த பழைய மாதங்கள் கணக்கிலிருந்து ஒவ்வொன்றாக உதிரும். கிரீன் கார்டு எங்கும் ஓடிவிடாது. எண்ணிக்கை 913-ஐத் தாண்டி, பிழை வந்தாலும் தாங்கும் அளவுக்கு நாள் கையில் இருக்கும்போது போடுங்கள்.

கேள்வி: கம்பெனி என்னை இரண்டு வருடம் சிங்கப்பூருக்கு அனுப்புகிறது. ரீ-என்ட்ரி பெர்மிட் எடுத்துவிட்டேன். சிட்டிசன்ஷிப் கணக்கு பாதிக்காதுதானே?
(ஒரு வாசகி, டாலஸ்)

பதில்: பாதிக்கும் அம்மா. அந்த பெர்மிட் திரும்பி உள்ளே வர உதவும். குடியிருப்புக் கணக்கைக் காப்பாற்றாது. ஒரு வருடம் தொடர்ந்து வெளியே இருந்தால் அது அறுந்துவிடும். அதற்கென்று இருப்பது என்-470 விண்ணப்பம். கிரீன் கார்டு வந்தபின் ஒரு வருடம் இடைவிடாமல் இங்கே இருந்திருக்க வேண்டும், அனுப்புவது அமெரிக்க நிறுவனமாக இருக்க வேண்டும், வெளியே போய் ஒரு வருடம் ஆவதற்குள் போட்டுவிட வேண்டும். அது கிடைத்தாலும் தனியார் கம்பெனி ஊழியருக்கு 913 நாள் தள்ளுபடி ஆகாது. கிளம்பும் முன் கம்பெனி வக்கீலிடம் இதைக் கட்டாயம் பேசுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் சிட்டிசன்ஷிப் ஓத் (சத்தியப்பிரமாணம்). அதற்கு அடுத்த வாரமே சென்னையில் மீட்டிங். போகலாமா?
(சான் ஹோசே வாசகர்)

பதில்: மீட்டிங்கைத் தள்ளி வைக்கப் பாருங்கள். சத்தியப்பிரமாணத்தன்று கிரீன் கார்டைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அமெரிக்கக் குடிமகன் ஆனதுமே இந்தியக் குடியுரிமை போய்விடும், இந்திய பாஸ்போர்ட்டில் பயணம் செய்யக் கூடாது. அமெரிக்க பாஸ்போர்ட் கைக்கு வர வேண்டும், அதற்கப்புறம் இந்தியா போக ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) அல்லது விசா வேண்டும். ஓசிஐக்குப் பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்த சான்றிதழும் கேட்பார்கள், அதனால் ஒரு வாரத்தில் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். தவிர்க்கவே முடியாது என்றால், 14 நாளுக்குள் பயணம் இருப்பவர்களுக்கு பாஸ்போர்ட் ஏஜென்சியில் நேரம் வாங்கி அவசரமாக எடுக்கலாம். பாஸ்போர்ட் வந்ததும் இந்தியாவுக்கு பிசினஸ் இ-விசா போடுங்கள். இன்டர்வியூவுக்குப் பிறகு நடுவில் வெளிநாடு போயிருந்தால் ஓத் அன்று கொடுக்க வேண்டிய என்-445 படிவத்தில் அதையும் எழுத வேண்டும்.