இன்சார்ஜ் சிஸ்டருக்கு என்ன கொடுக்கலாம்?

கேள்வி: அப்பா 19 நாள் ஐ.சி.யூ.வில் இருந்துவிட்டு வீடு திரும்பிவிட்டார். அங்கிருந்த இன்சார்ஜ் சிஸ்டரை எங்களால் மறக்க முடியவில்லை. டியூட்டிக்கு வந்ததும் அப்பாவின் காதருகே குனிந்து, "இன்னிக்கு செவ்வாய்க்கிழமை, காலையில எட்டு மணி, உங்க பொண்ணு வெளியில இருக்காங்க" என்பார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிடச் சொல்லி, சின்ன நர்ஸ்களையும் பழக்கியிருந்தார். நல்ல கைக்கடிகாரமாக வாங்கிக் கொடுக்கலாம் என்கிறார் என் கணவர். கொடுக்கலாமா?

பதில்: கடிகாரம் வேண்டாம். நோயாளி வீட்டாரிடம் விலையுள்ள பொருள் வாங்கக் கூடாது என்று பல ஆஸ்பத்திரிகளில் விதியே உண்டு, பாவம் அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள். (அதோடு, கை கழுவ இடைஞ்சல் என்று பல ஐ.சி.யூ.க்களில் மணிக்கட்டில் கடிகாரம் கட்டவும் விடமாட்டார்கள்.)

ஒரு கடிதம் எழுதுங்கள். நர்சிங் சூப்பரிண்டெண்டென்டுக்கு ஒன்று, அதன் நகல் அந்த சிஸ்டருக்கு. அதில் தயவுசெய்து "தெய்வம்", "தாய் மாதிரி" என்றெல்லாம் எழுத வேண்டாம். அந்த மாதிரிக் கடிதங்களைப் படித்துவிட்டு நிர்வாகம் புன்னகையோடு ஃபைலில் போட்டுவிடும். எனக்கு எழுதினீர்களே, கிழமை சொன்னது, கண்ணாடி மாட்டியது, அதை அப்படியே எழுதுங்கள். நீங்கள் அதைப் பாசம் என்று நினைத்திருப்பீர்கள். பாசம்தான், ஆனால் அது வேலையும்கூட. வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு டெலிரியம் என்ற மனக்குழப்பம் வருவது சகஜம், பகலா இரவா தெரியாது, எங்கே இருக்கிறோம் என்று தெரியாது, சிலர் குழாயைப் பிடுங்கப் போவார்கள். தேதியும் இடமும் திரும்பத் திரும்பச் சொல்வது, கண்ணாடி, காது மிஷின் இருந்தால் மாட்டிவிடுவது, ராத்திரி விளக்கைக் குறைத்துத் தூங்கவிடுவது, இதெல்லாம் அதைத் தடுக்க உதவும். அந்த சிஸ்டர் தான் செய்ததோடு நிற்காமல் தன் டீமையே அதற்குப் பழக்கியிருக்கிறார் பாருங்கள், கடிதத்தில் முதல் வரியாக வரவேண்டியது அதுதான்.

கேள்வி: நான் ஐ.சி.யூ. ஸ்டாஃப் நர்ஸ். எங்கள் இன்சார்ஜை ஒரு விருதுக்குப் பரிந்துரைக்கிறோம். படிவத்தில் "சாதனைகள்" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. அவர் பெரிதாக எதுவும் செய்ததாகக் காட்டிக்கொள்ளவே மாட்டார்.

பதில்: உங்கள் வேலையில் சாதனை என்பது பெரும்பாலும் நடக்காமல் போன விஷயம். வராத படுக்கைப் புண், தானாகக் கழன்றுவிடாத டியூப், பரவாத தொற்று. அந்தக் கணக்கு உங்கள் ரிஜிஸ்டரிலேயே இருக்கும், அவர் பொறுப்பேற்பதற்கு முன்பும் பின்பும் எடுத்துப் பாருங்கள். புதிதாக வந்தவர்களில் எத்தனை பேர் ஓடிப்போகாமல் நிலைத்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு சம்பவம் எழுதுங்கள், ஒன்று போதும். என் உறவினர் ஒருவருக்காக ஐ.சி.யூ. வாசலில் இருந்தபோது கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். அலாரம் அடிக்கிறது, புதுப்பெண் கை நடுங்க நிற்கிறாள், இன்சார்ஜ் வேகமாக வந்தார், ஆனால் அவளைத் தள்ளிவிட்டுத் தான் செய்யவில்லை. பக்கத்தில் நின்று மானிட்டரில் ஒரு கண்ணும் அவள் கையில் ஒரு கண்ணுமாக ஏதோ சொல்லச் சொல்ல, அவளே சக்ஷன் போட்டு, அதாவது குழாயால் சளியை உறிஞ்சி எடுத்து, முடித்தாள். மொத்தம் ஒரு நிமிடம் இருக்குமா?

டாக்டரிடம் அவர் "நிறுத்துங்கள்" என்று சொன்ன நாள் ஏதும் உண்டா? இருந்தால் விடாதீர்கள். 2001-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்ற மருத்துவர், சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக் குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) போடுவதற்கு ஐந்து படி கொண்ட ஒரு பட்டியல் தயாரித்தார். கை கழுவுவது, தோலைச் சுத்தம் செய்வது மாதிரி எல்லோருக்கும் தெரிந்த விஷயங்கள்தான். ஒரு படியை டாக்டர் தவறவிட்டால் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தை நர்ஸ்களுக்குக் கொடுத்தார்கள், விசேஷம் அங்கேதான். பிறகு மிச்சிகன் மாநிலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்களில் இதைச் செய்துபார்த்து 2006-இல் வெளியிட்ட முடிவில், லைன் வழியாக ரத்தத்தில் பரவும் தொற்று 66 சதவீதம் வரை குறைந்திருந்தது. அதிகாரம் காகிதத்தில் இருந்தால் மட்டும் நடுராத்திரியில் ஒரு ஜூனியர் வாய் திறந்துவிடுவாளா என்ன? பின்னால் இன்சார்ஜ் நிற்பார் என்று தெரிந்தால்தான் திறப்பாள்.

கேள்வி: சம்பளம் வாங்கிக்கொண்டுதானே வேலை செய்கிறார்கள், விருது எதற்கு?

பதில்: 1999-இல் பாட்ரிக் பார்ன்ஸ் என்பவர் 33 வயதில், நோய் எதிர்ப்பு சக்தி தொடர்பான ஒரு நோயால் அமெரிக்காவில் இறந்துபோனார். மகனைப் பறிகொடுத்த அந்தக் குடும்பம், அவரைக் கவனித்த நர்ஸ்களுக்கு நன்றி சொல்லத்தான் டெய்சி விருதைத் தொடங்கியது. இப்போது பல நாட்டு மருத்துவமனைகளில் கொடுக்கிறார்கள், நர்ஸ் தலைவர்களுக்குத் தனியாகவே ஒன்று உண்டு. நோயாளியும் வீட்டாரும்கூடப் பரிந்துரைக்கலாம். அந்தக் குடும்பத்துக்கும் நர்ஸ்கள் சம்பளம் வாங்குவது தெரிந்துதான் இருந்திருக்கும்.