எதிரணியில் ‘ஓவர் ஏஜ்’ பையன்கள்: புகாருக்கு 15 நிமிடம்தான்

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. எங்கள் ஊர் கிளப்புக்காக மாவட்ட அளவிலான 14 வயதுக்குட்பட்டோர் கூடைப்பந்து லீக்கில் ஆடுகிறான். போன வாரம் ஒரு அணியிடம் மிக மோசமாகத் தோற்றார்கள். அந்த அணியில் மூன்று பேருக்கு மீசையே வந்துவிட்டது. ஒருவன் பைக் ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினான். எங்கள் கோச்சிடம் கேட்டால், “எல்லாரும் செய்றதுதான் மேடம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார். தம்பிக்கும் ஒன்றரை வயசு குறைச்சு சர்டிஃபிகேட் வாங்கிடலாம்” என்கிறார். புகார் கொடுக்க வழி உண்டா? கொடுத்தால் என் மகனை ஓரங்கட்டிவிடுவார்களா? இன்னொன்று, பள்ளியில் சேர்த்தபோது அவன் பிறந்த தேதியை மூன்று மாதம் முன்தள்ளி எழுதிக் கொடுத்துவிட்டோம். அதனால் சிக்கல் வருமா?
– ஒரு தாய், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: போன வாரத்து முடிவு போனதுதான், அம்மா. அந்த ஆட்டத்தின் ஸ்கோரை இனி மாற்ற முடியாது. ஏன் என்று தெரிந்துகொண்டால் அடுத்த ஆட்டத்துக்கு உதவும்.

நம் ஊர் லீக்குகளின் விதிமுறைத் தாளில் “ஆட்டங்கள் ஃபிபா விதிகளின்படி நடைபெறும்” என்று ஒரு வரி இருக்கும். ஃபிபா என்பது சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு. அந்த ஒரு வரிக்குள் நிறைய விஷயம் அடங்கியிருக்கிறது. ஃபிபா விதிப்படி ஒரு அணி மூன்று காரணங்களுக்காக மட்டுமே புரோட்டஸ்ட், அதாவது ஆட்ட முடிவை எதிர்த்து முறைப்படியான புகார், கொடுக்கலாம். ஸ்கோரிலோ கடிகாரத்திலோ நடந்த தவறு திருத்தப்படாமல் போனால் கொடுக்கலாம். ஆட்டத்தை ரத்து செய்வது, தள்ளிவைப்பது, தோற்றதாக அறிவிப்பது போன்ற முடிவுகளை எதிர்த்துக் கொடுக்கலாம். மூன்றாவது, தகுதி விதியை மீறி யாராவது ஆடியிருந்தால். உங்கள் விஷயம் இந்த மூன்றாவதில் வருகிறது. ரெஃப்ரி ஃபவுல் கொடுக்கவில்லை, டிராவல் (பந்தைத் தட்டாமல் நடப்பது) விட்டுவிட்டார் என்பதெல்லாம் புரோட்டஸ்டில் வராது. பெற்றோர்கள் கேலரியிலிருந்து கத்துவதில் பெரும்பகுதி அதுதான். தொண்டைதான் வலிக்கும்.

ஆட்டம் முடிந்து 15 நிமிடத்துக்குள் அணியின் கேப்டன் தலைமை ரெஃப்ரியிடம் சொல்லிவிட்டு ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்திட வேண்டும். ஷீட்டின் அடிப்பகுதியில் புரோட்டஸ்ட் செய்யும் கேப்டனுக்கென்றே ஒரு சின்ன இடம் இருக்கிறது. அதில் கையெழுத்து விழவில்லை என்றால் அப்புறம் எத்தனை பக்கம் எழுதிக் கொடுத்தாலும் அந்த ஆட்டத்தைப் பொறுத்தவரை செல்லாது. காரணத்தை எழுத்தில் கொடுக்க ஆட்டம் முடிந்ததிலிருந்து ஒரு மணி நேரம் உண்டு. கட்டணமும் உண்டு. ஃபிபா போட்டிகளில் புரோட்டஸ்ட் தள்ளுபடியானால் 1,500 சுவிஸ் ஃபிராங்க் கட்ட வேண்டும். உங்கள் லீக்கில் எவ்வளவு என்பது விதிமுறைத் தாளில் இருக்கும். அந்தத் தாளின் நகலை இன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கேட்டு வாங்குகிற பெற்றோரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இதில் ஒரு கூத்து கவனித்தீர்களா? கையெழுத்துப் போட வேண்டியவன் கேப்டன். 14 வயதுக்குட்பட்ட லீக்கில் கேப்டனுக்கு 13 வயது இருக்கும். அவன் கோச் முகத்தைப் பார்ப்பான். கோச் எதிரணிக் கோச்சின் முகத்தைப் பார்ப்பார். அதற்குள் 15 நிமிடம் ஓடிவிடும். பெரியவர்களின் பொய்யைப் பிடிக்கும் வேலையைச் சின்னப் பையனின் பேனாவிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். சிறுவர் லீக் நடத்துகிறவர்கள் இந்த ஒரு விதியையாவது கிளப் மேலாளர் கையெழுத்து போதும் என்று மாற்றி எழுதினால் என்ன குறைந்துபோகும்?

புரோட்டஸ்டில் என்ன எழுதுவது? மீசையைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். 12 வயதிலேயே மீசை அரும்புகிற பையனும் இருக்கிறான், 15 வயதிலும் குரல் உடையாதவனும் இருக்கிறான். பைக்கும் வேண்டாம். தென்மாவட்டங்களில் எட்டாவது படிக்கிற பையன் டூவீலர் ஓட்டுவதைப் போலீஸே வேடிக்கை பார்க்கிறது. “இந்த எண் ஜெர்சி அணிந்த ஆட்டக்காரரின் அசல் பிறப்புச் சான்றிதழையும் பள்ளிச் சான்றையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கக் கோருகிறோம்” என்ற ஒரே வாக்கியம் போதும். ஜெர்சி எண்ணும் பெயரும் ஸ்கோர் ஷீட்டில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும்.

சான்றிதழில் எங்கே பார்ப்பது? எல்லாரும் பிறந்த தேதியைப் பார்ப்பார்கள். நான் ஸ்கோர் டேபிளில் உட்கார்ந்த காலத்தில் முதலில் தேடியது “பதிவு செய்த நாள்” என்ற வரியைத்தான். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1969ஆம் ஆண்டுச் சட்டம். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கு ஆஸ்பத்திரியே தகவல் அனுப்பிவிடும். ஓராண்டு தாண்டிய பதிவுக்கு மாஜிஸ்திரேட் அதிகாரமுள்ளவரின் உத்தரவு வேண்டும். ஆகவே 2012ல் பிறந்ததாகச் சொல்லும் பையனின் பிறப்பு 2022ல், ஏதோ ஒரு கிராமத்தில், ‘வீட்டில் பிறந்தது’ என்று பதிவாகியிருந்தால் அங்கே விரலை வையுங்கள். அப்படிப் பதிவானதெல்லாம் மோசடி இல்லை. ஆனால் கேள்வி கேட்க அது நல்ல காரணம். சான்றிதழில் பிள்ளையின் பெயர் இல்லாமல் பாலினமும் பெற்றோர் பெயரும் மட்டும் இருந்தாலும் கவனிக்க வேண்டும். அப்படிப்பட்ட சான்றிதழை வைத்துக்கொண்டு தம்பியின் வயதில் அண்ணன் ஆடுவது இந்த வட்டாரத்தில் புதிதல்ல. உங்கள் மகனின் சான்றிதழிலும் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பெயர் சேர்க்கப் பதிவிலிருந்து 15 ஆண்டு வரைதான் அவகாசம். பையனுக்கு 13 ஆகிவிட்டது.

சரி, இப்போது அந்த ‘தெரிந்தவர்’. கடிதத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள், எனக்கோ மற்றதையெல்லாம்விட அதுதான் கவலை.

இந்த மனிதர்களின் பேச்சு எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்கும். “பழைய சர்டிஃபிகேட்டைத் தொடவே மாட்டோம், புதுசா ஒண்ணு போட்டுடுவோம்” என்பார்கள். அதாவது, ஆஸ்பத்திரியில் பிறந்து ஏற்கெனவே பதிவான பிள்ளைக்கு இன்னொரு ஊரில் இன்னொரு பிறப்பு. உங்களுக்கு வருகிற தாள் அசல் முத்திரையோடுதான் இருக்கும், அதனால் ‘போலி இல்லை’ என்று மனம் சமாதானமாகிவிடும். உண்மையில் அதுதான் மோசம். பொய்ச் சத்தியப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருப்பவர் தாயோ தகப்பனோ. புரோக்கரின் பெயர் எங்கேயும் இருக்காது. நாளை விசாரணை வந்தால் அவர் செல்போன் அணைந்திருக்கும், நீங்கள் நிற்பீர்கள். பிறப்புப் பதிவேட்டைப் போலியாக்குவதற்கு இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 337ஆம் பிரிவில் ஏழாண்டு வரை சிறை. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. புரோக்கர் இதைச் சொல்ல மாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

மாட்டிக்கொள்ளும் இடம் லீக்காக இருக்காது. லீக்கில் யார் பார்க்கிறார்கள்? ஜெராக்ஸை வாங்கி ஃபைலில் குத்தி வைப்பார்கள், ஜெராக்ஸ் கடைக்காரருக்குத்தான் லாபம். பள்ளிகளுக்கான போட்டிகளில் 14, 17, 19 என்று ஒரு வயதுக் கணக்கு, கூடைப்பந்துச் சங்கப் போட்டிகளில் 16, 18 என்று இன்னொரு கணக்கு. பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவான எமிஸில் ஒரு தேதி, ஆதாரில் ஒரு தேதி, புதுச் சான்றிதழில் ஒரு தேதி. எல்லாவற்றையும் வரிசையாக மேஜையில் வைக்கிற நாள் ஒன்று வரும். மாநில அணித் தேர்விலோ, விளையாட்டு விடுதிச் சேர்க்கையிலோ, பொறியியல் கலந்தாய்வின் விளையாட்டு ஒதுக்கீட்டிலோ அது வரும். அந்த ஒதுக்கீட்டில் மொத்தமே 500 இடம். பக்கத்தில் காத்திருக்கும் பையனின் அப்பா உங்கள் காகிதங்களை உங்களைவிடக் கவனமாகப் படிப்பார்.

2001ல் அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். டேனி அல்மான்டே என்ற பையன் லிட்டில் லீக் பேஸ்பாலில் யாரும் தொட முடியாதபடி பந்து வீசினான். 12 வயது என்றார்கள், உண்மையில் 14. டொமினிக்கன் குடியரசில் தகப்பன் செய்த சான்றிதழ் வேலை அது. வெளிவந்ததும் அந்த அணியின் வெற்றிகள் மொத்தமும் பறிபோயின. கூட ஆடிய மற்றப் பையன்கள் வயது சரியாக இருந்தும் வெறுங்கையோடு நின்றார்கள். பொய் சொன்னவர்கள் பெரியவர்கள். ஆனால் இன்றும் ஊர் நினைவில் வைத்திருப்பது பையனின் பெயரைத்தான்.

இந்த ஆட்களே இப்போது ‘எலும்பு வயது சர்டிஃபிகேட்’ என்று இன்னொன்றும் விற்கிறார்கள். இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து 13 எலும்புகளின் வளர்ச்சியைப் பார்த்து வயதை மதிப்பிடுகிற முறை உண்மைதான். கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு அதைப் பயன்படுத்துகிறது. ஆனால் போட்டி நடத்துகிறவர்கள் தங்கள் மருத்துவக் குழுவை வைத்து எடுப்பதற்குத்தான் மதிப்பு. நீங்களே ஸ்கேன் சென்டரில் காசு கொடுத்து வாங்கிவரும் தாளை யாரும் மதிக்க மாட்டார்கள். அதற்குச் செலவழிக்கிற பணத்தில் நல்ல ஷூ வாங்கிக் கொடுங்கள். மத்திய விளையாட்டு அமைச்சகம் வயது மோசடிக்கு எதிரான தேசிய விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது 2010ல். மருத்துவப் பரிசோதனை, வீரர்களுக்கு அடையாள அட்டை எல்லாம் அதில் இருக்கிறது. மோசடி தொடங்குவதோ மாவட்டத்தில், அங்கே இன்னும் ஜெராக்ஸ்தான்.

உங்கள் மகனின் மூன்று மாதச் சமாச்சாரத்துக்கு வருகிறேன். இதை நிதானமாகப் படியுங்கள். நேர்மையான குடும்பங்கள் வீணாக மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஒன்றாம் வகுப்பில் சேர ஜூலை 31க்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பது நம் மாநிலக் கணக்கு. செப்டம்பரில் பிறந்த பிள்ளைக்கு ஒரு வருடம் வீணாகுமே என்று ஜூன் தேதி எழுதிக் கொடுத்துவிடுகிறோம். தலைமையாசிரியரும் கண்டுகொள்வதில்லை. பிறந்த நாளை ஜூன் மாதத்தில் வைத்திருப்பவர்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர் என்று எந்த அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். இதன் விளைவைக் கவனியுங்கள். பள்ளிப் பதிவில் பிள்ளைக்கு வயது கூடுதல், பிறப்புச் சான்றிதழில் குறைவு. விளையாட்டுக்குப் பிறப்புச் சான்றிதழைக் காட்டும்போது, வயதைக் குறைக்கப் புதுத் தாள் வாங்கியதுபோலவே அது தோன்றும். உண்மையான தாள்தான் சந்தேகத்துக்குள்ளாகும்.

உங்களைக் காப்பாற்றுவது நான் மேலே சொன்ன அதே வரிதான். பிறந்த சில நாளிலேயே, ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில் பதிவாகியிருந்தால் யாரும் அசைக்க முடியாது. அரசின் பிறப்பு இறப்புப் பதிவு இணையதளத்தில் அந்தப் பதிவு இருந்தால் இலவசமாகவே பதிவிறக்கிக்கொள்ளலாம். அதற்கும் 500 ரூபாய் கேட்கிற ஆள் வாசலில் நிற்பார், தாண்டிப் போங்கள். இன்னொரு ஆறுதலும் உண்டு. கூடைப்பந்தில் வயதைப் பொதுவாக ஜனவரி 1ஐ வைத்துக் கணக்கிடுவார்கள். ஜூன், செப்டம்பர் போல இரண்டு தேதியும் ஒரே ஆண்டில் விழுந்தால் எந்தத் தேதியை எடுத்தாலும் உங்கள் மகன் அதே பிரிவில்தான் வருவான். அவன் ஆடுவதற்குத் தடையில்லை. ஆனாலும் இரண்டு தாளில் இரண்டு தேதி இருக்க விடாதீர்கள். அசல் பிறப்புச் சான்றிதழோடு தலைமையாசிரியரிடம் எழுத்தில் விண்ணப்பித்துப் பள்ளித் தேதியைத் திருத்துங்கள், பிறப்புச் சான்றிதழைத் தொடாதீர்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாவதற்கு முன் இதை முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு அலைச்சல் பல மடங்கு. ஆதாரைக் கொண்டுபோய் நீட்ட வேண்டாம். ஆதார் பிறந்த தேதிக்குச் சான்று ஆகாது என்று 2024ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

பையனை ஓரங்கட்டுவார்களா? கோச் முகம் சுளிப்பார், ஒன்றிரண்டு ஆட்டம் பெஞ்சில் உட்கார வைக்கலாம். அது நடக்காது என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் தனியாகப் போகாதீர்கள். அணியில் இன்னும் இரண்டு மூன்று பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு, கிளப் செயலாளர் பெயரில் லீக் அமைப்புக் குழுவுக்குக் கடிதம் கொடுங்கள். அடுத்த சுற்றிலிருந்து எல்லா அணியின் அசல் சான்றிதழ்களையும், உங்கள் அணியுடையதையும் சேர்த்து, சரிபார்க்கக் கேளுங்கள். எதிரணிப் பையன்களின் பெயர் அதில் வேண்டாம். அவர்கள் போட்டோவை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது அறவே வேண்டாம். அவர்களும் குழந்தைகள்தான், அம்மா. இந்த வேலையைச் செய்தது அவர்கள் இல்லை.

அடுத்த முறை அந்த அணியோடு ஆட்டம் வந்தால், கோச் இரண்டு அணிப் பட்டியலையும் ஆட்டத்துக்கு முன்பே டேபிளில் பார்க்கட்டும். ஃபிபா விதிப்படி ஆட்டம் தொடங்க 40 நிமிடம் முன்பாகப் பெயர்ப் பட்டியல் ஸ்கோரரிடம் வந்துவிட வேண்டும். 10 நிமிடம் இருக்கும்போது கோச் ஷீட்டில் கையெழுத்திடுவார். சந்தேகத்தை அங்கேயே, சத்தம் போடாமல், டெக்னிக்கல் கமிட்டி ஆளிடம் சொல்லி வைத்தால், ஆட்டம் முடிந்து கேப்டன் பேனா கேட்கும்போது யாரும் புதிதாகக் கேட்பதுபோல நடிக்க முடியாது. கடிதத்தின் நகலில் மட்டும் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்தும் தேதியும் வாங்க மறந்துவிடாதீர்கள்.