பழைய ஃபிலிம் கேமராவில் கருப்பாகப் பிசுபிசுப்பது என்ன, எப்படி எடுப்பது?

பின்மூடியைத் திறந்ததும் விரலில் ஒட்டுகிறதே, அது வெளிச்சம் உள்ளே கசியாமல் இருக்க ஒட்டிய நுரைப்பட்டைதான். வயதானால் இளகித் தார் மாதிரி ஆகிவிடும். முதலில் ஷட்டர் திரையின் (ஃபிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் மெல்லிய திரை) மேல் எதுவும் விழாமல் ஒரு காகிதத்தை மறைப்பாக வையுங்கள். துணுக்கு உள்ளே போனால் பெரிய தொல்லை. அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சால் பட்டையை ஊறவைத்து, மரப் பல்குச்சியால் பள்ளத்தோடு சுரண்டுங்கள். உலோகம் கூடவே கூடாது. முழுதும் வந்தபின் புதுப் பட்டை ஒட்டினால் சரி.

எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்த்துப் படமெடுக்கும் கேமரா) என்றால் உள்ளிருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடியைத் துடைக்காதீர்கள். அதன் பூச்சு மேற்பரப்பிலேயே இருப்பதால் எளிதில் கீறும். தூசியை ஊதுபந்தால் ஊதினால் போதும். மிச்சமிருக்கும் தூசி படத்தில் விழாது.

பேட்டரி அறையில் வெள்ளைப் படிவா? ஆல்கலைன் கசிவு காரம். பஞ்சில் துளி வினிகர் தொட்டுத் துடைத்து உலரவிடுங்கள்.